லொக்கு லியோனார்டின் அரைக்கால் சுற்று

லியோனார்ட் கை வைத்த எந்த இன்ஜினும் இருமும். மரம் அறுக்கும் மெஷினாக இருக்கட்டும், புல் வெட்டும் மெஷினாக இருக்கட்டும், கொசுவுக்குப் புகை அடிக்கும் மெஷினாக இருக்கட்டும், கல்மண்டபத்தில் அவருடைய கடையை விட்டு வெளியே போகும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தடவை லொக் லொக் என்றுவிட்டுத்தான் போகும். எங்கள் பக்கத்தில் அவருக்கு லொக்கு லியோனார்ட் என்று பெயர் விழுந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவர் தெருவில் நடந்தால் பின்னால் யாராவது இருமுவார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் டீ ஆற்றுகிறவர் இருமுவார். கொரோனா காலத்தில் மட்டும்தான் அந்தக் கிண்டல் கொஞ்சம் அடங்கியிருந்தது. அப்போது இருமினால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

இருமலுக்குக் காரணம் உண்டு. இந்த மாதிரி சின்ன பெட்ரோல் இன்ஜின்களின் கார்ப்ரேட்டரில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விட, இன்னொன்று முழு வேகத்தில் ஓடும்போது. வேகத் திருகை உள்ளே இறுக்கிக்கொண்டே போனால் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். இன்ஜின் சூடேறி, மெல்லிய குரலில், கேட்கிறவன் மயிர் சிலிர்க்கிற மாதிரி பாட ஆரம்பிக்கும். பாடுவது வயிறு காய்ந்து. பெட்ரோலோடு கலந்துதான் எண்ணெயும் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு ஒரே நொடியில் நின்றுவிடும். அதனால் லியோனார்ட், பாட்டு உச்சத்துக்குப் போகிற இடம் வரைக்கும் திருகை இறுக்கிவிட்டு, அங்கேயிருந்து ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு வெளியே திருப்பிவிடுவார். அவர் கணக்கில் அது 'அரைக்கால்'. திருப்பியதும் பாட்டு கெட்டு இருமல் வரும். உடனே திருகின் தலையிலும் பக்கத்திலும் சிவப்பு நகப்பூச்சில் நேருக்கு நேராக இரண்டு புள்ளி வைப்பார். வேறு எவனாவது கை வைத்தால் புள்ளிகள் விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்க வருகிறவனுக்கு இதெல்லாம் புரியாது.

"இன்னா மாமு, மெஷினுக்கு ஜல்பு புட்ச்சிக்கிச்சா?"

"ஜல்பு இல்ல நைனா. வயிறு ரொம்பத் துன்னுட்டு ஏப்பம் வுடுது."

"போன வாரம் பெரம்பூர்ல ஒருத்தன்கிட்ட குட்த்தேன். சும்மா விசில் மாரி அட்ச்சிச்சி தெரியுமா?"

"அப்பால ஏன் இங்க தூக்கினு வந்த?"

"நின்னுப்போச்சி."

"அக்காங். உனுக்கு இன்னா வோணும், விசிலா, மெஷினா? விசில் வோணும்னா திருவிழாவுல விக்கிறான், வாங்கிக்க."

இப்படிப் பேசினால் வியாபாரம் எப்படி வளரும்? வளரவில்லை. ஒரு ஷட்டர் அகலக் கடை, ஒரு மரப்பலகை, அந்தோணியார் படம், படத்துக்குக் கீழே தட்டில் பரப்பி வைத்த கார்ப்ரேட்டர் உறுப்புகள். ஐம்பத்து நான்கு வயதில் லியோனார்ட் அந்தக் கடைக்குள் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போய் நிற்பார்.

அவருக்கும் ஒரு காலத்தில் பாட்டுப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவருடைய மனைவி ஜூடிக்கு ஒரு தம்பி, பிராங்கிளின். காசிமேட்டில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு எடுத்து, பின்னால் மாட்டுகிற இன்ஜினும் வாங்கினான். கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இறக்குவதற்கு முன்னால் இன்ஜினை ஒரு டிரம் தண்ணீரில் மாட்டி முழுசாக முடுக்குவார்கள். சுற்றி நிற்கிறவர்கள் சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். நல்ல தீர்ப்பு வந்தால் எல்லோருக்கும் டீ, மெக்கானிக்குக் கழுத்தில் ஒரு மாலை.

"மாமா, எண்ணூர் வரிக்கும் கேக்கணும்" என்றான் பிராங்கிளின்.

"அது நல்லதில்லடா."

"அய்ய, இன்னா மாமா நீ? ஊரே குந்தினு பாக்குது. என் மானத்த வாங்காத."

லியோனார்ட் திருகை இறுக்கினார். இன்ஜின் பாடியது. கரையே விசில் அடித்தது. மாலை விழுந்தது. மூன்றாம் நாள் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பிஸ்டன் கவ்விக்கொண்டு நின்றது. பிராங்கிளினும் இன்னும் மூன்று பேரும் ஐஸ் பெட்டியில் உருகிய மீன் வாடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் நீரோட்டத்தில் போனார்கள். பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு விசைப்படகு பார்த்து இழுத்து வந்தது. யாரும் சாகவில்லை. கரை இறங்கிய பிராங்கிளின், உதடெல்லாம் உப்பில் வெடித்திருக்க, நேரே லியோனார்டிடம் வந்தான். அடிப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"பாட்டு நல்லா இருந்திச்சி மாமா" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்வாரே, அந்த நேரத்தில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகுவிப்பார்கள். பிராங்கிளின் லியோனார்டுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தால், அக்காவுக்குக் கைகுவித்துவிட்டு, அப்படியே தலையைத் திருப்பி, கோயில் தூணுக்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வான். பத்தொன்பது வருஷமாக அந்தத் தூண் நல்ல சமாதானமாக இருக்கிறது.

அன்றிலிருந்து லியோனார்டின் இன்ஜின்கள் இருமுகின்றன.

இருமுகிற இன்ஜினை வைத்துக் குடும்பம் நடக்காது என்பதால் ஜூடி இறால் உரிக்கப் போனாள். விடிவதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போய், ஐஸ் தண்ணீரில் கைவிட்டு, மதியம் வரைக்கும் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்துப் போடுகிற வேலை. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, இறால் மூக்கு குத்திய ஓட்டைகளோடு இருக்கும். வீட்டில் தோசைக்கல்லைத் தொட்டால் சூடு தெரியவில்லை என்பாள். அதை ஒரு வசதி மாதிரி சொல்வாள்.

"கரண்டி எதுக்கு? எனுக்குத்தான் கர்த்தர் பத்து கரண்டி குட்த்துக்கீறாரே!"

இப்படி இருக்கும்போதுதான் கடைக்கு விமானம் வந்தது.

பாலகணேஷ் என்று ஒரு பேராசிரியர், பொன்னேரி தாண்டி இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜில் விமானத் துறை. காரின் ஜன்னல் வழியாக ஒரு இறக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் பறக்கவிடுகிற மாடல் விமானம்தான். ஆனால் ஒரு ஆள் கைவிரித்துப் படுக்கிற அகலம், மூக்கில் பெட்ரோல் இன்ஜின். அந்த இறக்கையைப் பார்த்து டீக்கடை காலியாகி லியோனார்ட் கடை நிரம்பியது.

"மெக்கானிக் சார், இது ஸ்டார்ட் ஆகுது சார், ஆனா த்ராட்டில் குடுத்தா ஆஃப் ஆயிடுது சார். ஸ்டூடன்ட்ஸ் எல்லா வீடியோவும் பாத்துட்டாங்க சார். நானும் பாத்துட்டேன் சார்."

லியோனார்டை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. துறைமுகத்துக்காரர்கள் "ஏய் மெக்கானிக்" என்பார்கள், மாநகராட்சிக்காரர்கள் "யோவ்" என்பார்கள். ஒரே மூச்சில் அஞ்சு சார் வாங்கிய மயக்கத்தில் அவர் விமானத்தின் மூக்கைக் குனிந்து பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது மரம் அறுக்குற மெஷினுக்குத் தம்பி சார். அதே கார்ப்ரேட்டரு. அவன் மரத்துல ஏறுறான், இவன் வானத்துல ஏறுறான்."

வாலை ஷட்டர் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டினார். மூக்கிலிருந்த விசிறியைச் சுழற்றினார். இன்ஜின் பிடித்ததும் இரண்டு நிமிஷம் சூடேற விட்டார். முழு வேகம் கொடுத்து, சின்ன ஸ்குரூ டிரைவரால் வேகத் திருகை மயிரிழை மயிரிழையாக இறுக்கினார். சத்தம் மெலிந்து மெலிந்து கூர்மையாகி, கல்மண்டபம் சிக்னல் வரைக்கும் போனது. நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த இடத்தில் அரைக்கால் வெளியே.

லொக். லொக்.

"போச்சிடா, ஏரோப்ளேனுக்கும் ஜல்பு" என்றான் ஆண்ட்ரூ. ஆண்ட்ரூ லியோனார்டின் தோஸ்து, குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். வண்டிக்கு வாடகை கேட்டாலும் வாய்க்குக் கேட்காதவன்.

லியோனார்ட் காதில் வாங்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, ஓடுகிற இன்ஜினோடு விமானத்தை இரண்டு கையாலும் பின்பக்கத்திலிருந்து பிடித்து, ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மூக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கினார். தூக்கிய நிலையில் இருமல் நின்று சத்தம் சீரானது.

"பாத்தியா சார்? கீழ இருமும். மேல ஏறச்சொல்லோ சரியாப்பூடும். மேல காத்து கெடச்சி வெசிறி இன்னும் வேகமா சுத்தும், பெட்ரோல் இன்னும் கேக்கும். கீழயே பாட வுட்டன்னா, மேல போயி பட்டினில செத்துப்பூடும். இத்த எவன் சொன்னாலும் திருப்பாத."

பாலகணேஷ் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று மாசம் அலைந்து பறக்கவிட அனுமதியும் வாங்கினார். காலேஜ் மைதானத்தில் விமானம் இரண்டு தடவை பறந்து இறங்கியது. மூன்றாம் வருஷ மாணவன் ஜெரின் ரிமோட்டைப் பிடித்திருந்தான். முழங்கால் நடுங்கினாலும் விரல் நடுங்காத பையன்.

இரண்டாம் தடவை பறந்த அன்று பாலகணேஷ் லியோனார்டை மரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார்.

"சார், எங்க லேப்ல டெக்னீஷியன் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்கு. பெர்மனென்ட். ஈ.எஸ்.ஐ. உண்டு. சர்ட்டிஃபிகேட் இல்லன்னா பரவால்ல, தாளாளர் ஓகே சொன்னா போதும். ஆண்டு விழாவுல விமானத்த அவர் முன்னாடி பறக்க விடுறோம். அவர் கையாலயே உங்களுக்கு ஐ.டி. கார்டு போட வச்சிடுறேன். ஒரு போட்டோ மட்டும் குடுங்க."

லியோனார்ட் அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஜூடி விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல தொங்குமே, அந்தக் கார்டா?"

"ஆமா."

"பாத்ரூமு போனாலும் கழட்ட மாட்டியே நீ!" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நெசமாவா? மாசம் பொறந்தா சம்பளமா?"

"நெசந்தான். தாளாளர் சரின்னா போதும்."

"அன்னிக்கே அந்த எறா ஷெட்டுக்கு ஒரு கும்புடு. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வந்துருவேன், உன் எறாவ நீயே உரிச்சிக்கன்னு." விரல்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "நடுவுல இன்னா கோளாறு பண்ணப் போற?"

"நா இன்னா பண்ணப்போறேன்?"

"உன்னத்தான் கேக்குறேன்."

ஆண்டு விழா ஒரு சனிக்கிழமை. மாதா திருவிழாவுக்கு எடுத்த சட்டையை ஜூடி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஆண்ட்ரூ குட்டியானையில் லியோனார்டையும் கருவிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனான். மணலி புதுநகர் தாண்டும் வரைக்கும் அவன் வாய் மூடவில்லை.

"மாமு, வேலைக்குப் போயிட்டா எங்களயெல்லாம் ஞாபகம் இருக்குமா? 'யாருப்பா ஆண்ட்ரூ, அப்பாயின்ட்மென்ட் வாங்குனியா'ன்னு கேப்பியா?"

"சொம்மா ஓட்றா."

காலேஜ் மைதானத்தில் பந்தல், மேடை, ஒலிபெருக்கி. பாலகணேஷ் கோட்டு போட்டிருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு நீல ரிப்பன் எட்டிப் பார்த்தது. லியோனார்டைப் பார்த்ததும் ரிப்பனை இழுத்து, கார்டை பாதி வெளியே எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போட்டார். லியோனார்ட் தன் போட்டோவைப் பார்த்தார். போட்டோவில் அவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

காலையிலேயே இன்ஜினைச் சூடேற்றி, திருகைச் சரிபார்த்து, நகப்பூச்சுப் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்பதையும் பார்த்துவிட்டார். பதினொரு மணிக்குத் தாளாளர் வேதமாணிக்கம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் திருவொற்றியூருக்கு வந்து, இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்து, அப்புறம் அந்தக் கடையையே வாங்கி, அப்புறம் காலேஜ் கட்டியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஊர்ப் பேச்சு மட்டும் அப்படியே. அவரோடு ஒரு வங்கி அதிகாரி, சிறப்பு விருந்தினர். விருந்தினருக்கு மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு தரம் ஓட்டிக் காட்டச் சொன்னார் தாளாளர்.

ஜெரின் முடுக்கினான். இன்ஜின் பிடித்தது. லொக். லொக். லொக்.

பின் வரிசை மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து இருமினார்கள். அதைக் கேட்டு இருநூறு பேர் இருமினார்கள். கல்மண்டபத்தில் பத்தொன்பது வருஷம் கேட்ட சத்தம், இங்கேயும் பந்தல் போட்டுக் காத்திருந்தது.

"என்னவே பேராசிரியரே," என்றார் தாளாளர், "டி.பி. வந்தவன் மாதிரில்லா இருமிட்டுக் கெடக்கு?"

"சார், அது டெக்னிக்கலா கொஞ்சம் ரிச்சா, பெட்ரோல் கூடுதலா செட் பண்ணியிருக்கு சார்..."

"ரிச்சுன்னா பணக்காரன்லா? பணக்காரன் இப்படியாவே இருமுவான்? யாரு மெக்கானிக்கு?"

லியோனார்ட் முன்னால் வந்தார்.

"ஐயா, இது கீழதான் இருமும். மேல போச்சுன்னா சரியாப்பூடும். தூக்கிக் காட்டறேன் பாருங்கய்யா."

"மேல போறது கெடக்கட்டும். கீழ உக்காந்திருக்கவன்தான பாக்கான்? பேங்க் ஆபீசர் வந்திருக்காவ. சத்தத்தக் கேட்டா நெஞ்சு கும்முனு இருக்க வேண்டாமா? இதக் கேட்டா எனக்கே தொண்ட கட்டுது." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தாளாளர் சிரிக்கவில்லை. "சரி பண்ண முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிரும், வேற ஆளப் பாத்துக்கிடலாம்."

லியோனார்ட் பாலகணேஷைப் பார்த்தார். எவன் சொன்னாலும் திருப்பாதே என்று நோட்டில் எழுதியவர் அவர்தான். பாலகணேஷ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பையில் நீல ரிப்பன் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது லியோனார்ட் என்ன நினைத்தார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் கை என்ன செய்தது என்று ஆண்ட்ரூ பக்கத்தில் நின்று பார்த்தான். சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தது. திருகின் தலையில் வைத்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் உள்ளே திருப்பியது. அரைக்கால்.

இன்ஜின் பாடியது.

மைதானம் ஒரு கணம் அடங்கி, பிறகு வெடித்தது. விசில். கைதட்டல். வங்கி அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்படிச் சொல்லும்!" என்று தாளாளர் லியோனார்டின் முதுகில் ஓங்கித் தட்டினார். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா?"

"சிரிச்சான்யா," என்று ஆண்ட்ரூ பிற்பாடு எங்களிடம் சொன்னான். "நா சத்தியமா பாத்தேன். பல்லு தெரிய சிரிச்சான். கொயந்த மாரி."

விமானம் ஓடி, எழும்பியது. பந்தலுக்கு மேலே ஒரு சுற்று. இன்னொரு சுற்று. "மேல, மேல ஏத்துலே!" என்று தாளாளர் மைக்கில் கத்தினார். ஜெரின் மூக்கைத் தூக்கினான். விமானம் நெட்டுக்குத்தாக ஏறியது. ஏற ஏறச் சத்தம் இன்னும் மெலிந்து, ஊசி மாதிரி ஆனது. லியோனார்ட் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்த உயரத்தில் இருக்கிற திருகை எந்தக் கையால் திருப்புவது?

சத்தம் நின்றது. முதலில் கேட்டவர் அவர்தான். மற்றவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்ஜின் ஆஃப்! சார், இன்ஜின் ஆஃப்!" ஜெரின் கத்தினான். நேரே எதிரே இறக்கியிருந்தால் மைதானத்தை ஒட்டிய காய்ந்த ஏரியில் போய் உட்கார்ந்திருக்கும். பையன் பயந்து மைதானத்துக்கே திருப்பப் பார்த்தான். வேகம் இல்லாத விமானம் திரும்புகிற பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏரிக்கரைக் கல்லில் மூக்கைக் குத்தியது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் வந்தது. யாருக்கும் அடி இல்லை.

லியோனார்ட் ஓடிப்போய் மண்டியிட்டார். விசிறியைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை, பிஸ்டன் கவ்வியிருந்தது. கார்ப்ரேட்டரில் சிவப்புப் புள்ளிகள் இரண்டும் அரைக்கால் விலகி நின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இன்னொருவரும் பின்னால் வந்து நின்றார். பாலகணேஷ் குனிந்து பார்த்தார்.

தாளாளர் மெதுவாக நடந்து வந்தார். மாணவர்கள் வழிவிட்டார்கள்.

"என்னவே ஆச்சி?"

"பெட்ரோல் பத்தலய்யா," என்றார் லியோனார்ட். "திருக இறுக்குனதுல..."

"யாரு இறுக்குனா?"

"நாந்தான்யா. ஐயா சத்தம் வோணும்னு சொன்னீங்க..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்வே!" குரலை உயர்த்தவில்லை, கடையில் ஆணி நிறுக்கிறபோது பேசுகிற குரல்தான். "நான் இரும்புக் கடைக்காரன். எனக்கு என்ன தெரியும்? நீருதான மெக்கானிக்கு? இறுக்குனா விழும்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்யா."

"தெரிஞ்சே இறுக்குனீரா?"

லியோனார்ட் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் போட்டார்.

"தெரியாம செஞ்சவன வச்சிக்கிட்டு வேல சொல்லிக் குடுக்கலாம். தெரிஞ்சே செய்யுதவன வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" பாலகணேஷ் பக்கம் திரும்பினார். "பிள்ளையள் படிக்க எடம் இது. ஆள மாத்தும்."

பாலகணேஷ் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே, கோட்டுப் பையிலிருந்து தொங்கிய நீல ரிப்பனைக் கட்டை விரலால் உள்ளே தள்ளினார். ஒரு நுனி மட்டும் அடங்காமல் வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை தள்ளினார்.

திரும்பி வரும்போது ஆண்ட்ரூ மணலி புதுநகர் வரைக்கும் பேசவில்லை. அவனுக்கு அதுவே பெரிய சாதனை.

"ஏன் மாமு திருப்புன?"

"அவுரு சொன்னாரு."

"எவன் சொன்னாலும் திருப்ப மாட்டியே நீ! போன வருசம் என் மச்சான் மெஷினுக்கு நா கால்ல வுயாத கொறயா கேட்டேன். 'விசில் வாங்கிக்க'ன்னு துரத்துன. ஊரே காறித் துப்புனாலும் திருப்பாத ஆளு!"

"உங்கிட்ட இன்னா வேலயா கீது, குடுக்கிறதுக்கு?"

ஆண்ட்ரூ அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கல்மண்டபத்தில் வண்டியை நிறுத்திய பத்தாவது நிமிஷம் டீக்கடையில் திறந்துவிட்டான்.

லியோனார்ட் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜூடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மல்லிகைப்பூ வைத்திருந்தாள். முதலில் அவர் கழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் தொங்கவில்லை. அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"வுயுந்திச்சா?"

"ம்."

"பையன் ஓட்டத் தெரியாம வுட்டானா?"

ஆமாம் என்று சொல்வதற்கு அவள் வழி விட்டுத்தான் கேட்டாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இல்லை என்று தலையசைத்தார்.

"திருப்புனியா?"

"ம்."

"எவ்ளோ?"

"அரைக்கால்."

ஜூடி முகத்தைத் தெருப் பக்கம் திருப்பினாள்.

"எந்தம்பிக்கு எவ்ளோ திருப்புன?"

லியோனார்ட் சட்டையை ஆணியில் மாட்டினார். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார்.

"அதே அரைக்கால்தான்" என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அன்று காலையில், இனிமேல் தேவைப்படாது என்று சுருட்டி மூலையில் போட்டிருந்த இறால் ஷெட்டு பிளாஸ்டிக் ஏப்ரனை எடுத்து உதறினாள். கொடியில் போட்டாள். விரல்களில் எண்ணெய் தடவவில்லை.

மறுநாள் ஞாயிறு. லியோனார்ட் கோயிலுக்கு நடந்துபோன வழியில் பின்னால் யாரும் இருமவில்லை. டீக்கடைக்காரர்கூட அவரைப் பார்த்ததும் ஆற்றுகிற டீயைப் பார்த்துக்கொண்டார். இருமியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்திருக்கும். இருமல் என்பது ஒரு நம்பிக்கை. இவன் எவன் சொன்னாலும் திருப்ப மாட்டான் என்று ஊர் அவர்மேல் வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

முன் வரிசையில் பிராங்கிளின் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னார் சாமியார். பிராங்கிளின் எழுந்து திரும்பி அக்காவுக்குக் கைகுவித்தான். லியோனார்ட் வழக்கம்போல், வராது என்று தெரிந்தே, கையைக் குவித்துக்கொண்டு நின்றார். பிராங்கிளினின் தலை தூண் பக்கம் போகவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான். கண்ணில் கோபம்கூட இல்லை.

"பாட்டு நல்லா இருந்திச்சாமே மாமா" என்றான்.

பாடகர் குழு அடுத்த பாட்டை எடுத்தது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். லியோனார்ட் மட்டும் குவித்த கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஜூடி அவர் சட்டை நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.